சிவிகையும் சறுக்குப் பலகையும்

வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் மெர்சிங் பட்டணம் பாதி உறங்கிவிடும். நவம்பர் பிறந்ததும் தென்சீனக் கடல் கறுத்துக் குமுறும். தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் பல நாட்கள் துறையிலேயே கட்டுண்டு கிடக்கும். தீவு விடுதிகளிற் பல பிப்ரவரி முடியுமட்டும் கதவடைத்துவிடும். துறையை அண்டிப் பிழைக்கும் எம்மனோர்க்கு அம்மாதங்கள் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் காலமே. தோட்டத்து அன்பர்கள் இந்நிலையை எளிதில் உணர்வர். அங்கே மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. இங்கே அலை எழுந்தால் படகு இல்லை. படகு இல்லையேல் வியாபாரம் இல்லை. வானத்தின் முகம் பார்த்து வயிறு வளர்ப்பவர் இரு சாராருமே.

ஆயினும், ஓரிடத்துக் கதவை அடைக்கும் பருவம் மற்றோரிடத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. நாம் கடலைப் பார்த்துப் பெருமூச்செறியும் அதே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரித் திங்கள்களில், இந்தியாவின் வடகோடியிலுள்ள காஷ்மீரில், குல்மார்க் என்னும் மலைவெளி மக்களால் நிரம்புகிறது. அங்கே பனியைக் கொண்டுவருவது நம் வடகீழ்க் காற்றன்று. மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி வரும் மேலைக் காற்று. அது இமயச் சாரலில் முட்டிக் குளிர்ந்து பனியாகப் பொழிகிறது. நமக்கு மழை வேலையைப் பறிக்கிறது; அவர்களுக்குப் பனி வேலையைக் கொடுக்கிறது.

2023 ஜனவரியில் என் தாயாரை அழைத்துக்கொண்டு அங்கே சென்று வந்தேன். அவர் இளவயது முதல் ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர். காண்டா வாளி சுமந்து தோள் காய்த்தவர். 1961 இல் வெளிவந்த ‘தேன் நிலவு’ என்னும் தமிழ்ப் படம் காஷ்மீரில் எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அதனைத் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது மண்தரையில் அமர்ந்து பார்த்த சிறுமியருள் அவரும் ஒருவர். ‘அப்படி ஓர் ஊர் நெசமாவே இருக்கா?’ என்று அன்று கேட்ட கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு, முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகே அவருக்குக் கிடைத்தது. படகுகள் நின்ற காலமாதலால் எனக்கும் ஓய்வு இருந்தது.

குல்மார்க் என்பதற்கு மலர்ப் புல்வெளி என்பது பொருள். கோடையில் அது புல்லும் பூவுமாய்க் கிடக்கும். மாரியில் எல்லாம் வெண்பனியின் கீழ் மறைந்துவிடும். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். நம் நாட்டவர் குளிர்காணச் செல்லும் கேமரன் மலை 1,500 மீட்டரளவில் நிற்கிறது. கெந்திங் 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஆறு ஏழு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. கேமரன் மலைக் குளிருக்கே கம்பளி தேடும் நாம், இவ்விடத்துக் குளிரை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே உள்ளூரார் நீண்ட கம்பளி அங்கிக்குள் ‘காங்கிரி’ என்னும் தீச்சட்டியை வைத்துக்கொண்டு நடக்கின்றனர். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி. சட்டிக்குள் கரி நெருப்பு. அதனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒருவர் நடப்பதைக் கண்டு என் தாயார் அஞ்சியே போனார்.

இவ்விடத்தைப் பனிவிளையாட்டுக் களமாக்கியவர் ஆங்கிலேயர். கோடை வெயிலுக்கு அஞ்சி மலை ஏறிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் இங்கே பந்தாட்டத் திடலும் தேவாலயமும் அமைத்தனர். 1927 இல் ஆங்கிலப் படை அதிகாரிகள் இருவர் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். அக்காலத்து இந்தியருக்கு இம்மலையில் இருந்த இடம், சுமை தூக்கும் இடமும் குதிரை பிடிக்கும் இடமும் தேநீர் ஏந்தி நிற்கும் இடமுமே. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1968 இல், பனிச்சறுக்கும் மலையேற்றமும் கற்பிக்கும் நிலையம் ஒன்று இங்கே தொடங்கப்பட்டது. 2020 முதல் இந்தியாவின் மாரிக்கால விளையாட்டுப் போட்டிகள் இவ்விடத்தில் நடந்து வருகின்றன. ஒரு காலத்தில் துரைமாரின் காலணியைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே சரிவில் ஆசிரியர்களாகவும் பந்தய வீரர்களாகவும் நிற்கின்றனர். இம்மாறுதல் பெரிதன்றோ?

வருவோர்க்கு இம்மலை என்னென்ன தருகிறது? முதலாவது ஏற்றம். கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் சிறு பெட்டிகளால் ஆகிய ஊர்தி ஒன்று இங்கே உண்டு, ‘கொண்டோலா’ என்பர். பெட்டிக்கு 6 பேர். மணிக்கு 600 பேரளவில் ஏற்றிச் செல்லும் ஆற்றலுடையதாக முதலில் அமைத்தனர். பிரெஞ்சு நாட்டுக் குழுமம் ஒன்றின் உதவியுடன் 1980களின் இறுதியில் தொடங்கிய வேலை, பள்ளத்தாக்கில் எழுந்த கலவரத்தால் இடையில் நின்றுபோயிற்று. அக்கலவரக் காலத்தில் காஷ்மீரில் படம் எடுத்தலும் அரிதாயிற்று; 1992 இல் வந்த ‘ரோஜா’வில் நாம் காஷ்மீரம் என்று கண்டு வியந்த காட்சிகள் குன்னூர், உதகை, மணாலி முதலிய இடங்களில் எடுக்கப்பட்டவையே. ஊர்தியின் முதற்பகுதி 1998 இல் முடிந்தது. அது காங்டூரி என்னும் இடம்வரை, அதாவது 3,080 மீட்டரளவு செல்லும். இரண்டாம் பகுதி 2005 இல் முடிந்தது. அது அபர்வாத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் நம்மை இறக்கிவிடும். நம் கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர். கினபாலுவில் இரண்டு நாள் கால் கடுக்க ஏறும் உயரத்திற்கு இங்கே ஒருவர் சாய்ந்து அமர்ந்தபடியே சென்றுவிடலாம். ஆனால் உடம்பை ஏமாற்ற முடியாது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 5 இல் 3 பங்கே. பத்து அடி நடந்தால் இருபது அடி ஓடிய மூச்சு வாங்கும். மெர்சிங் கடற்காற்றில் வளர்ந்த எம் நெஞ்சு அங்கே மீன்போல் துடித்தது.

இரண்டாவது இறக்கம். இரு கால்களிலும் நீண்ட பட்டைகளைப் பூட்டி, இரு கைகளிலும் கோல்களைப் பிடித்து, பனிச்சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. கற்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் முதலிற் சொல்லித்தருவது விரைதல் அன்று, நிற்றல். பட்டைகளின் முன்நுனிகளைக் கூட்டிப் பின்நுனிகளை அகற்றினால் அவை பனியை உழுது வேகத்தைத் தணிக்கும். பட்டையின் ஓரத்தை எவ்வளவு சாய்த்து அழுத்துவது என்பதிலேயே வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. மரம் வெட்டுவோர்க்கு உளியின் சாய்வு எத்தகையதோ, சறுக்குவோர்க்குப் பட்டை ஓரம் அத்தகையது. அழுத்தம் மிகுந்தால் காயம், குறைந்தால் பயனில்லை. அடிவாரத்தில் கற்பவர்க்கு மென்சரிவுகள் உண்டு. மேலே அபர்வாத்தின் பரந்த மலைமுகமெங்கும் ஆழ்ந்த தூள்பனி கிடக்கிறது. அதனை நாடி உலகின் பல பாகங்களிலிருந்தும் தேர்ந்தவர்கள் வருகின்றனர். அங்கே இன்பமும் ஆபத்தும் உடன்பிறந்தவை. 2024 பிப்ரவரியில் நிகழ்ந்த பனிச்சரிவில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார்.

மூன்றாவதொன்று உண்டு. விளம்பரத் தாள்களில் மலை இருக்கும், ஊர்தி இருக்கும், வெந்நீர்க் குழாய் பொருத்திய விடுதி இருக்கும். இம்மூன்றாவது பெரும்பாலும் இராது. அஃது ஆளின் உழைப்பு. சறுக்கத் தெரிந்தவர் அங்கு வருவோரிற் சிலரே. ஏனையோர் பனியைத் தொட்டுப் பார்க்கவும், பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் வந்தவர். அவர்களைக் குதிரையில் ஏற்றுவோர், அவர்களுக்கு இரப்பர்க் காலணி வாடகைக்குக் கொடுப்போர், கைபிடித்து நடத்துவோர், சோளம் சுட்டுக் கொடுப்போர் என்று ஒரு பெருங்கூட்டம் காலையிலேயே பனியில் காத்து நிற்கிறது. அக்கூட்டத்துள் மிகுதியாய் நின்றோர் சறுக்குப் பலகை இழுப்பவர். நான்கடி நீளப் பலகை. அடியில் இரண்டு வழுக்குக் கட்டைகள். முன்னே ஒரு கயிறு. வருகின்றவர் பலகையில் அமர, அவர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்துச் செல்வார்.

வண்டி நிலையத்திலிருந்து கம்பி ஊர்தி நிற்குமிடம் சிறிது தொலைவு. பனி முழங்காலளவு. என் தாயாரால் நடக்க இயலாது என்பது நாலடியிலேயே தெரிந்துவிட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினார். தாயார் அதனையும் பார்த்தார்; கயிற்றையும் பார்த்தார்; கயிறு மாட்டும் தோளையும் பார்த்தார்.

“வேணாம் தம்பி. மனுசன் இழுக்க மனுசன் உக்காந்து போறதா? அந்தக் காலத்துல துரை போனான். நாம போவமா?” என்றார்.

சுயமரியாதை வீட்டில் வளர்ந்தவர் சொல்லக்கூடிய சொல்லே அது. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் அம்மனிதர் நகரவில்லை. நம் நாட்டிலிருந்து பெருந்திரளான பிரயாணிகள் காஷ்மீருக்குச் செல்வதால் அவர் மலாய்ச் சொற்கள் சில கற்று வைத்திருந்தார். “தீடாக் ஆப்பா, மக்சிக்” என்றார். பரவாயில்லை, அம்மா என்று பொருள். பின்னர் தம் அங்கிக்குள்ளிருந்து கையை எடுத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பனி மூன்று மாதம், பிறகு பனி இல்லை என்பதை விரல்களால் உணர்த்தினார்.

தாயார் சந்தை மலாயில், “அனாக் பெராப்பா?” என்று கேட்டார். பிள்ளைகள் எத்தனை? அவர் மூன்று விரல் காட்டினார். கோடையில் என்ன வேலை? ஆப்பிள் தோட்டத்தில் கூலி. பலகை யாருடையது? தம்முடையதே என்று நெஞ்சைத் தொட்டார். இவ்வளவும் கேட்டறிந்த பின்னரே தாயார் பலகையில் அமர்ந்தார்.

எம் கூட்டத்தில் வந்த பட்டணத்து அன்பர் ஒருவர் இதற்குள் வேறொருவரிடம் பேரம் பேசி, கேட்ட கூலியை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிட்டார். குறைத்ததுமன்றி, அதனை வெற்றியாகக் கூறியும் மகிழ்ந்தார். அவர் நல்லவரே; தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர். நாமும் அங்ஙனம் பேசியிருக்கலாமே என்று அவர் எம்மைக் கடிந்துகொண்டபோது என் தாயார் மெல்லச் சொன்னார்: “பாலு நிறுக்கையில கெராணி ரெண்டு ராத்தல் கொறைச்சு எழுதுனா நமக்கு எப்படி இருந்துச்சு? ராத்திரி சோறு எறங்குச்சா?”

அவர் விடை கூறவில்லை. அவரும் தோட்டத்தில் பிறந்தவரே.

ஏற்றத்தில் அம்மனிதர் இழுத்தார்; கயிறு தோளில் அழுந்திற்று. செங்குத்தான ஓரிடத்தில் தாயார் மனம் பொறாமல் இறங்கி நான்கடி நடந்தார். முழங்கால்வரை பனியில் புதைந்தார். அவரைத் தூக்கி நிறுத்துவது அம்மனிதருக்கு இழுப்பதினும் பெரிய வேலையாய்ப் போயிற்று. இருவரும் சிரித்துவிட்டனர். மீண்டும் அமர்ந்தபோது அவர் முகத்தில் முன்னிருந்த வாட்டம் இல்லை. மேட்டின் உச்சியில் அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டனர். மாலையில் திரும்பியபோது வழி இறக்கம். அப்பொழுது அம்மனிதர் இழுக்கவில்லை. பலகையின் முன்பக்கம் தாமே ஏறி அமர்ந்தார். தம் தோளைப் பற்றிக்கொள்ளுமாறு பின்னிருந்த தாயாருக்குக் கைகாட்டினார். இரு குதிகால்களையும் பனியில் ஊன்றி வேகத்தை அடக்கியபடி, ஒரே பலகையில் இருவருமாக வழுக்கி இறங்கினர். கீழே வந்து சேர்ந்ததும் பேசிய கூலியைக் குறையாமல் எண்ணிக் கொடுத்தோம். அவர் தம் குப்பியிலிருந்து உப்புத் தேநீர் ஊற்றித் தாயாருக்குக் கொடுத்தார். உப்புப் போட்ட தேநீரை என் தாயார் அதற்கு முன் கண்டதுமில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் குடித்தார்.

விடுதிக்கு வந்த பின்னும் தாயார் முதலிற் சொன்ன சொல் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மனிதன் இழுக்க மனிதன் அமர்ந்து செல்வது அறமா? இக்கேள்வி தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் நாலாம் அதிகாரமாகிய அறன் வலியுறுத்தலில் ஒரு சிவிகை வருகிறது. அதனைச் சுமப்பவன் ஒருவன். அதன்மேல் செல்பவன் ஒருவன். பரிமேலழகர் அக்குறளுக்குக் கண்ட பொருள் யாது? அறத்தின் பயனை நூலால் உணர்த்த வேண்டுவதில்லை. சுமப்பவனையும் மேலிருப்பவனையும் கண்ணாற் கண்டாலே அப்பயன் விளங்கிவிடும் என்பது. அஃதாவது, மேலிருப்பவன் முன்செய்த நன்மையால் மேலிருக்கிறான். சுமப்பவன் அது செய்யாமையால் சுமக்கிறான். இவ்வுரையை எத்தனை நூற்றாண்டுகளாக எத்தனை பண்ணையார்கள் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள்! பிற்கால அறிஞர் சிலர் இதனை ஏற்கவில்லை. இவ்விருவரையும் காட்டி, ‘அறத்தின் வழி இது’ என்று சொல்லற்க என்பதே வள்ளுவர் கருத்தென அவர்கள் பொருள் கொண்டனர். சொற்கள் அவையே, நிற்குமிடம் மாறினால் பொருளும் மாறுகிறது. தோளில் தண்டு அழுந்தியவர்க்குப் பின்னவர் உரையே உரையாகத் தோன்றும்.

சிவிகை பழங்காலத்தோடு போயிற்று என்று எண்ணுவோர் 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். மயிலாடுதுறையை அடுத்த தருமபுர ஆதீனத்துத் தலைவரைப் பல்லக்கில் வைத்துச் சுமந்து செல்லும் பட்டினப் பிரவேசம் என்னும் விழாவுக்குக் கோட்டாட்சியர் அவ்வாண்டு தடை விதித்தார். மனிதனை மனிதன் சுமப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்று பகுத்தறிவாளர் வாதித்தனர். நாங்கள் விரும்பியே சுமக்கிறோம் என்றனர் அடியவர். பின்னர் மே மாதத்தில் தடை நீங்கிற்று, பல்லக்கும் சென்றது.

மற்றொரு பக்கமும் உண்டு. நம் மலாயாவிலேயே, பினாங்குக் கொடிமலையில் 1923 இல் இழுவை இரயில் ஓடத் தொடங்குவதற்கு முன், துரைமாரும் துரைசானிகளும் கூலிகள் சுமந்த நாற்காலிகளில் ஏறினர். இயந்திரம் வந்தது, நாற்காலி ஒழிந்தது. சிங்கப்பூரில் கைரிக்‌ஷா 1947 இல் ஒழிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1973 இல், மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, அது ஒழிந்தது. இழுத்தவர்களுக்கு மிதிவண்டி ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன. இப்பின்னதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இழிவை மட்டும் எடுத்துவிட்டுச் சோற்றை எடுக்காமல் விட்டதே அதன் சிறப்பு. ‘இழுக்காதே’ என்று சொல்வது எளிது. ‘பின் எதனால் உண்பேன்?’ என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு சொல்வதே சீர்திருத்தம்.

ஆதலின் யான் ஒரு வேறுபாடு காண்கிறேன். பல்லக்குச் சுமப்பவர்க்குப் பேசிய கூலி இல்லை; அது தொண்டு எனப்படுகிறது. மேலிருப்பவர் ஒருநாளும் கீழிறங்கித் தண்டு பிடிக்கமாட்டார். அவர் இடம் மேலே என்றும், இவர் இடம் கீழே என்றும் முன்னரே எழுதி வைத்திருக்கிறது. குல்மார்க்கில் யாம் கண்ட மனிதரோ தம் பலகைக்குத் தாமே உடையவர். கூலி இவ்வளவு என்று அவர் சொல்லலாம். வேண்டாமென்று திரும்பியும் போகலாம். அவர் விற்றது தம் உழைப்பை, தம்மையன்று. பிறப்பால் வந்த சுமையும், பிழைப்புக்காக ஏற்ற சுமையும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும், முன்னது அடிமை, பின்னது தொழில். அத்தொழிலையும் அடிமையாக்கிவிடும் வழி ஒன்று உண்டு. அது பேரம் என்னும் பெயரால் கூலியைப் பிடுங்குவதும், ‘ஏய்’ என்று கூப்பிடுவதும், வழியில் ஆள் விழுந்தால் திரும்பிப் பாராமற் போவதுமாகும்.

இயந்திரம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2017 ஜூன் 25 இல் பெருங்காற்றில் மரம் ஒன்று சாய்ந்து குல்மார்க்கின் கம்பி வடத்தில் மோதிற்று; பெட்டி ஒன்றிலிருந்து வீழ்ந்து 7 பேர் மாண்டனர். நால்வர் டில்லியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார். மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். வந்தவரும் அழைத்துச் சென்றவரும் ஒரே பெட்டியில் இருந்தனர். மரணம் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. 2025 ஏப்ரல் 22 இல் அதே காஷ்மீரின் பகல்காமில் கொலைஞர் பிரயாணிகளைச் சுட்டபோது மாண்ட 26 பேருள் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். வந்தவர்களைக் காக்க முனைந்து அவர் உயிர் கொடுத்தார். எந்த விளம்பரத் தாளில் இது சொல்லப்படுகிறது? எந்தக் கட்டணச் சீட்டில் இதற்கு விலை போட்டிருக்கிறது?

வானமும் அவர்களை வஞ்சிக்கத் தொடங்கியிருக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை. வெண்மையாய்க் கிடக்க வேண்டிய வெளி பழுப்புப் புல்லாய்க் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த மாரி விளையாட்டுப் போட்டியும் பனி போதாமையால் மார்ச்சுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. விடுதி முதலாளி ஒரு பருவம் நட்டமடைந்தால் அடுத்த பருவத்தில் ஈடு செய்துகொள்வார். பலகைக்காரர் அதுவரை எதை உண்பார்? மழைநாளில் பெரட்டுக்களத்திலிருந்து வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அன்பர்களே! தொலைவிலுள்ள பனிமலைக் கதையை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. நாம் ஒரு காலத்தில் சுமந்தவர். இன்று நம்மிற் பலர் அமர்ந்து செல்பவர். இம்மாற்றம் நம் உழைப்பால் வந்தது, பெருமைக்குரியதே. ஆனால் அமர்ந்ததும் நம் நா எப்படிப் பேசுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் விட்டுவந்த ரப்பர் நிரைகளிலும் செம்பனைத் தோப்புகளிலும் இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளரும் நிற்கின்றனர். அவர்களை நம்மிற் சிலர் எங்ஙனம் அழைக்கின்றனர்? நம் பாட்டன்மாரைக் ‘கிளிங்’ என்று பிறர் அழைத்தபோது நம் நெஞ்சு எரியவில்லையா? அதே எரிச்சல் ‘பங்ளா’ என்று நாம் கூப்பிடும்போது அவர் நெஞ்சில் இராதா? பட்டணத்து உணவுக்கடையில் தட்டுக் கழுவுபவர், கட்டடத்தில் கல் சுமப்பவர், தீவு விடுதியில் படுக்கை விரிப்பவர் — இவர்களெல்லாரும் ஒரு கயிற்றைத் தோளில் மாட்டியவர்களே. பலகை மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே, பணி கொள்ளுமிடத்து மூன்று கேள்விகளை நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்வோமாக. கூலியை முன்னரே பேசி, பேசியதைக் குறையாமல் கொடுக்கிறோமா? ‘இயலாது’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா? அவர் விழுந்தால் அவரைத் தூக்க யார் இருக்கிறார்? இம்மூன்றுக்கும் நேரான விடை உள்ள இடத்தில், அமர்பவருக்கும் இழிவில்லை, இழுப்பவருக்கும் இழிவில்லை. விடை இல்லாத இடத்தில், நாம் காலால் நடந்து சென்றாலும் சிவிகைமேல் செல்பவரே ஆவோம்.

அறத்தை மேலிருப்பவனிடத்தும் தேட வேண்டாம்; சுமப்பவனிடத்தும் தேட வேண்டாம். அவ்விருவர்க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்தாற் போதும். விதி இருந்தால் அதனை அறுப்போம். பேசிய கூலியும் பணிவான சொல்லும் இருந்தால் அவற்றைக் காப்போம். பருவம் தெளிந்து படகுகள் புறப்படும்போது, நம் துறைக்கு வரும் பிரயாணியும் நம்மை அவ்வண்ணமே நடத்த வேண்டுமென்று கேட்கும் தகுதி அப்பொழுது நமக்கு உண்டாகும்.